சரக்கு வண்டியின் பின்புறம் 'டொக் டொக்' சத்தமா? பழுதைக் கண்டறியும் முறை

காய்கறிக் கூடை, வாழைத்தார், பால் கேன், உர மூட்டை ஆகியவற்றை ஏற்றிச் செல்ல இன்று பல விவசாயிகள் சொந்தமாகவோ கூட்டாகவோ சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். 2005-ம் ஆண்டில் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்த பிறகு இவ்வகை நான்கு சக்கர வண்டிகள் கிராமங்களில் பெருகின. பழைய மாருதி ஆம்னியையும் ஜீப்பையும் இவ்வேலைக்கு வைத்திருப்போரும் உண்டு.

இவ்வண்டிகளில் பின்புறத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வருவது அடிக்கடி காணும் குறை. பலர் "ரோடு சரியில்லை" என்று சொல்லி அதைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் பட்டறையில் விட்டு இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றுகிறார்கள். பணம் செலவாகிறது, சத்தம் மட்டும் போவதில்லை. ஏனெனில் சத்தம் ஒன்றாக இருந்தாலும் அதற்குக் காரணங்கள் பல. தேய்ந்த ரப்பர் புஷ்ஷும் இப்படித்தான் சத்தம் போடும். முறிந்து போன சென்டர் போல்ட்டும் இப்படித்தான் சத்தம் போடும். முன்னது சிறு செலவில் தீரக் கூடியது. பின்னது ஆளையே கவிழ்த்து விடக் கூடியது. எது என்று பிரித்தறியும் முறையை வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நலம்.

பின்புற அமைப்பு

சிறு சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங்கே உள்ளது. பல எஃகுப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவே துளையிட்டு, ஒரு சென்டர் போல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள். இந்தப் போல்ட்டின் தலை ஆக்சிலில் உள்ள குழியில் பொருந்தி உட்காரும். ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் இருக்க இதுவே முளை. பட்டைக் கட்டையும் ஆக்சிலையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள்.

பட்டையின் முன் முனை சேசிஸில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பின் முனை ஷாக்கிள் என்னும் ஊஞ்சல் போன்ற துண்டில் தொங்கும். சுமை ஏறியதும் பட்டை நிமிர்ந்து நீளமாகிறது. அதற்கு இடம் கொடுப்பதற்காகவே இந்த ஊஞ்சல். இரு முனைகளிலும் புஷ் உண்டு. பட்டை குதித்துக் கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். பட்டை எல்லை மீறி அமுங்கினால் ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுப்பது ரப்பர் கட்டை.

இதில் ஒன்றைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். பட்டை ஸ்பிரிங் சுமையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. வண்டியை முன்னே தள்ளும் விசையும், பிரேக் போடும் போது இழுக்கும் விசையும் அதன் வழியாகவே சேசிஸுக்குப் போகின்றன. ஆகவே கட்டு எங்கே தளர்ந்தாலும் வண்டி புறப்படும் போதும் நிற்கும் போதும் அது சத்தமாக வெளிப்படும்.

சத்தம் எப்போது வருகிறது?

ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன், சத்தம் எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனிக்க வேண்டும். பாதி நோய் இதிலேயே தெரிந்து விடும்.

வேகத்தடையிலும் வாய்க்கால் மேட்டிலும் மெதுவாக ஏறி இறங்கும் போது 'டொக்' என்று கேட்டால் ஷாக்கிள் புஷ்ஷையோ ஷாக் அப்சார்பரின் முனைப் புஷ்ஷையோ சந்தேகிக்கலாம்.

புறப்படும் போதும், கியர் மாற்றும் போதும், ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும் போதும் ஒரு முறை மட்டும் கேட்டால் யூ போல்ட், முன் முனைப் புஷ், புரொப்பல்லர் ஷாப்ட்டின் கிராஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்.

பிரேக் போடும் போது மட்டும் கேட்டால் யூ போல்ட்டையும் முன் முனைப் புஷ்ஷையும் முதலில் பார்க்க வேண்டும்.

வெறும் வண்டியில் கேட்டு, சுமை ஏற்றியதும் மறைந்தால் பெரும்பாலும் தேய்ந்த புஷ்ஷோ, தளர்ந்த பட்டை கிளிப்போ காரணம். சுமை இடைவெளியை அழுத்தி மூடிவிடுவதால் சத்தம் அடங்குகிறது. பழுது அடங்கவில்லை.

சுமை ஏற்றிய பிறகு மட்டும் கேட்டால் ஆக்சில் ரப்பர் கட்டையில் மோதுகிறது என்று பொருள். பட்டை களைத்திருக்கலாம், முறிந்திருக்கலாம், அல்லது சுமை அளவுக்கு மிஞ்சியிருக்கலாம்.

சக்கரம் சுற்றும் கணக்குக்கு ஏற்ப விடாமல் கேட்டு, வேகம் கூடக் கூட அதுவும் கூடினால் உடனே வண்டியை நிறுத்தி சக்கர நட்டுகளைச் சோதிக்க வேண்டும். நட்டுகள் சரியாக இருந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

முதலில் நீக்க வேண்டியவை

பட்டையைக் குறை சொல்வதற்கு முன் வண்டியில் ஆடும் பொருள்களை அகற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி கட்டு தளர்ந்தால் அதுவும் 'டொக்' என்றுதான் தட்டும். பின்கதவின் கொக்கி, சங்கிலி, சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, சைலன்சரைத் தாங்கும் ரப்பர், சரக்குப் பெட்டியைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகிய ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் இறக்கி வைத்துவிட்டு அதே மேட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது காசில்லாத சோதனை.

பாதுகாப்பு

சோதனைக்கு வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்த வேண்டும். களத்து மண்ணும் உழுத நிலமும் ஆகா. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டோ, கனத்த மரக்கட்டையோ கொடுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென்று நொறுங்கி விடும். அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கீழே சொல்லப்படும் முதல் மூன்று சோதனைகளுக்கு வண்டியைத் தூக்கவே தேவையில்லை.

சோதனை 1: உயரமும் நீளமும்

வெறும் வண்டியில், பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே உள்ள பெட்டியின் விளிம்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். மறுபக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அப்பக்கத்துப் பட்டை களைத்திருக்கிறது அல்லது முறிந்திருக்கிறது.

பிறகு ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இருபுறமும் அளக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் ஒரு கயிறு போதும். இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விரற்கடை அளவு குறைந்தாலும் ஆக்சில் இடம் பெயர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். சென்டர் போல்ட் முறிந்ததற்கு இதுவே முக்கிய அடையாளம். இத்தகைய வண்டி நேர் ரோட்டிலும் ஒருக்களித்து ஓடும். பின்னால் வருபவர் பார்த்தால், ஒரு மாடு பின்தங்கிய வண்டியைப் போலக் கோணலாகப் போவது தெரியும்.

சென்டர் போல்ட் முறிந்த வண்டியை ஓட்டுவது ஆபத்து. ஆக்சில் மேலும் நகர்ந்தால் பிரேக் குழாய் இழுபட்டு அறுந்து போகலாம். புரொப்பல்லர் ஷாப்ட் கழன்று விழலாம். சந்தைக்கு நேரமாகிறது என்று இந்நிலையில் சுமை ஏற்றக் கூடாது. மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு அழைத்து வருவதே முறை.

சோதனை 2: கைப்பிரேக்கில் அசைத்தல்

கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். அதை நன்றாக இழுத்துவிட்டு, இருவர் வண்டியை முன்னும் பின்னும் தள்ளி அசைக்க வேண்டும். மூன்றாமவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் போகாமல், பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டையின் முன் முனை தன் பிடிப்புக்குள் முன்பின் நகர்ந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. பட்டை அசையாமல் ஆக்சில் மட்டும் நகர்ந்தால் யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. யூ போல்ட் பிளேட்டின் ஓரத்தில் சிவந்த துருப்பொடி புதிதாகப் படிந்திருந்தால் அங்கே உராய்வு நடக்கிறது என்பதற்கு அது சான்று.

சோதனை 3: பின்புறத்தை அமுக்குதல்

இருவர் பின்பக்கம் ஏறி நின்று குதித்து இறங்க வேண்டும். ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில் இருந்தால் வண்டி ஒரு முறை எழும்பி அடங்கும். இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் அதன் வேலை முடிந்துவிட்டது. குதிக்கும் போது ஒருவர் காது கொடுத்துக் கேட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்பதும் தெரியும்.

சோதனை 4: ஷாக் அப்சார்பர்

உடலில் எண்ணெய் ஒழுகி, அதன் மேல் புழுதி ஒட்டிக் கருமையாக இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. ஒழுகல் இல்லாமலும் சத்தம் வரலாம். மேல் முனையிலோ கீழ் முனையிலோ ரப்பர் தேய்ந்து, போல்ட் துளைக்குள் ஆடுவதே அதற்குக் காரணம். புஷ் மட்டும் தனியாகக் கிடைக்குமானால் முழு ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டியதில்லை.

கீழ் முனையைக் கழற்றி, கையால் மெதுவாக இழுத்து அமுக்கிப் பார்க்கலாம். போகும் வழியெல்லாம் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாகச் சறுக்கினால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும் போது இருபுறமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சோதனை 5: பட்டைகள்

இரும்பு பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டிவிட்டு ஒவ்வொரு பட்டையையும் ஓரமாகப் பார்க்க வேண்டும். முறிவு நடுப்பகுதியில், யூ போல்ட்டை ஒட்டி இருந்தால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. துருக்கோடு ஒன்று குறுக்கே ஓடினால் அங்கே விரிசல் உண்டு. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் கழன்றிருந்தால் பட்டைகள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் தரும்.

முறிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டுவது வீண் வேலை. ஸ்பிரிங் எஃகு அந்தச் சூட்டில் பதம் இழந்து, ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே மறுபடி முறியும். பட்டையை மாற்றுவதே சரி.

சோதனை 6: புஷ்ஷும் ஷாக்கிளும்

சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பின், பட்டையின் கண்ணுக்கும் பிடிப்புக்கும் இடையே கடப்பாரையின் முனையை வைத்து மெதுவாக நெம்ப வேண்டும். ரப்பர் சற்று அமுங்கி மீள்வது இயல்பு. இரும்பும் இரும்பும் தட்டும் ஓசை கேட்டால், அல்லது ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருந்தால், புஷ் போய்விட்டது. புஷ்ஷைக் கழற்றும் போது பின்னையும் பார்க்க வேண்டும். பின் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் சத்தம் திரும்பி வரும்.

இங்கே பலர் செய்யும் தவறுகள் இரண்டு.

ஒன்று, பழைய என்ஜின் ஆயிலைப் பட்டை முழுவதும் ஊற்றுவது. அப்போதைக்குக் கிறீச் சத்தம் நிற்கும். ஆனால் ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் பருத்துக் கெட்டுப் போகும். ரப்பர் புஷ்ஷுக்கு ஆயிலும் கிரீஸும் ஆகா. கிரீஸ் நிப்பிள் வைத்த உலோகப் புஷ்ஷுக்கு மட்டும் கிரீஸ் அடிக்க வேண்டும். அதைத் தவறாமல் அடிக்க வேண்டும்.

மற்றொன்று, சக்கரம் தொங்கிக் கொண்டிருக்கும் போதே புஷ் போல்ட்டை முழுவதும் இறுக்குவது. அவ்வாறு இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். ஜாக்கியில் இருக்கும் போது போல்ட்டைக் கை இறுக்கத்தில் விட வேண்டும். வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகே முழு இறுக்கம் தர வேண்டும். புதுப் புஷ் போட்டும் விரைவில் சத்தம் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

யூ போல்ட்டை இறுக்கும் முறை

யூ போல்ட் நட்டுகள் நான்கையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. இறுக்க அளவு வண்டியோடு வந்த கையேட்டில் உண்டு. பட்டை வேலை முடிந்த வண்டியைச் சில நாள் சுமையோடு ஓட்டிய பின் மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும். புதிய கட்டு படிந்து இடம் கொடுப்பதே இதற்குக் காரணம். இந்த இரண்டாம் இறுக்கத்தைத் தவறவிட்டால் போல்ட் தளர்ந்து, பட்டை அசைந்து, சென்டர் போல்ட் மீது பாரம் விழுந்து அது முறிகிறது.

உயரம் குறைத்த கார்

அழகுக்காக உயரத்தைக் குறைத்த பழைய கார்கள் கைமாறிக் கிராமத்துக்கு வந்து சேர்வதுண்டு. விலை மலிவாக இருக்கும். மண் ரோட்டில் ஓட்டியதும் பின்புறம் 'டங் டங்' என்னும். சுருள் ஸ்பிரிங் உள்ள இத்தகைய காரில் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, சுருள் ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கியிருந்தால் அது தன் இருக்கையில் சரியாக உட்காராது. பின்புறத்தைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். தளர்ந்து சுழன்றால், குழியில் சக்கரம் இறங்கும் போதெல்லாம் ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகி மீண்டும் வந்து மோதுகிறது. சத்தம் அதுதான்.

இரண்டாவது, உயரம் குறைந்ததால் ஆக்சிலுக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே இடைவெளி போதாது. கட்டையின் முகத்தில் பிசைந்த களிமண்ணை மெல்லியதாக அப்பி, வழக்கமான வழியில் ஒரு முறை ஓட்டி வர வேண்டும். களிமண் நசுங்கியிருந்தால் மோதல் நடக்கிறது. சுமை வண்டிக்கும் இச்சோதனை பொருந்தும்.

மூன்றாவது, உயரத்தைக் குறைத்தவர்கள் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்காமல் விட்டிருப்பார்கள். ரப்பர் எந்நேரமும் முறுக்கியே இருக்கும். மேலே சொன்ன முறைப்படி தரையில் நிறுத்தி இறுக்க வேண்டும்.

நான்காவது, ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கம்பி உள்ள காரில், உயரம் குறைந்ததும் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளப்படும். இருபுறமும் டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் இது தெரிந்துவிடும். சைலன்சர் குழாய் ஆக்சிலில் தட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலான பரிகாரம், வண்டிக்கு உரிய பழைய அளவு ஸ்பிரிங்கையே திரும்பப் போடுவது. சுருள் ஸ்பிரிங் பெரும் விசையோடு அமுங்கியிருப்பது. உரிய கருவி இல்லாமல் அதைக் கழற்ற முயல்வது உயிருக்கு ஆபத்து. இவ்வேலையை மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

பட்டை கூட்டலாமா?

காரின் உயரத்தைக் குறைப்பது போலவே சரக்கு வண்டியில் பட்டையைக் கூட்டுவதும் தொல்லை தரும். கூடுதல் பட்டை போட்டால் அதிகச் சுமை ஏற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டை தாங்கலாம், ஆக்சிலும் பிரேக்கும் டயரும் பழையவையே. மேலும் யூ போல்ட் நீளம் போதாமல் நட்டு முழுப் பிடிப்புப் பெறாது. புரொப்பல்லர் ஷாப்ட்டின் சாய்வு மாறி கிராஸ் தேயும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, பதிவுப் புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

சுமையைக் கணக்கிட்டு ஏற்றுவதே நல்லது. 750 கிலோ ஏற்றக் கூடிய வண்டியானால் 45 கிலோ யூரியா மூட்டை 16 ஏற்றினால் 720 கிலோ ஆகிவிடும். 25 கிலோ காய்கறிப் பெட்டி 30 ஏற்றினால் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு மூட்டையும் பட்டையின் ஆயுளிலிருந்து எடுக்கும் கடன். அந்தச் சுமையின் மேல் கூலியாட்களையும் பிள்ளைகளையும் உட்கார வைப்பது கூடவே கூடாது.

பட்டறையில் சொல்ல வேண்டியவை

"பின்னால் சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. எந்தப் பக்கம், சுமையிலா வெறுமையிலா, மேட்டிலா, புறப்படும் போதா, பிரேக்கிலா என்று சொல்ல வேண்டும். அளந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். மெக்கானிக்கை அருகில் உட்கார வைத்து ஒரு நடை ஓட்டிக் காட்டுவது மிகவும் நல்லது. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தேயாத சாமான் மாற்றப்பட்டிருந்தால் சத்தம் அங்கே இல்லை என்று பொருள்.

மாதம் ஒரு நாள், சுமை இல்லாத வேளையில், வண்டியைக் கழுவிவிட்டு யூ போல்ட், கிளிப், புஷ், ஷாக் அப்சார்பர், சக்கர நட்டு ஆகியவற்றைச் சுற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். மாட்டுக்குக் கால் நொண்டினால் அன்றே லாடத்தைத் தூக்கிப் பார்ப்பது உழவர் வழக்கம். வண்டி போடும் சத்தத்தையும் அவ்வாறே அன்றைக்கே கவனித்தால் சிறு செலவோடு தீரும்; சரக்கும் ஆளும் பத்திரமாகச் சந்தை போய்ச் சேரலாம்.